பாதிப் பாலத்தின் கணக்கு

கூவத்துக்குள் நின்ற அந்தத் தூண்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பது எனக்கு நெடுநாள் குழப்பம். இடிபாடு என்று சொல்ல முடியாது. இடிபாடு என்றால் ஒரு காலத்தில் முழுதாக இருந்து, மனிதர்கள் புழங்கி, பிறகு விழுந்திருக்க வேண்டும். கட்டுமானம் என்றும் சொல்ல முடியாது, யாரும் கட்டிக்கொண்டிருக்கவில்லை. குட்டிச்சுவருக்குக்கூட ஒரு வீட்டின் ஞாபகம் இருக்கும். இவற்றுக்கு அதுவும் கிடையாது. மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க, துருப்பிடித்த நீர் வழிந்து பழுப்புக் கோடுகளாகக் காய்ந்திருக்க, அவை பாட்டுக்கு நின்றன.

அமைந்தகரையில் எங்கள் தெருக்காரர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவர்கள் அதை 'ரோடு' என்றார்கள். "ரோடாண்ட நில்லு, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்" என்றால் தூண்கள் தெரியும் ஆற்றோரத்துக்கு வரச்சொல்கிறார்கள் என்று பொருள். ரோடே இல்லாத இடத்துக்கு ரோடு என்று பெயர். இன்று யோசித்தால் அதுதான் இருந்ததிலேயே சரியான பெயர் என்று படுகிறது. வராத ஒன்று வந்ததைப் போலவே எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போயிருந்தது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை, பெரும்பகுதி கூவத்தின் போக்கிலேயே, சுமார் 19 கிலோமீட்டருக்கு ஒரு பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. ஒப்புக்கொண்ட வரைபடத்தை மீறி ஆற்றுக்குள் தூண்கள் எழுப்பப்படுகின்றன, அவை வெள்ளநீரின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வேலை மட்டும் தொடங்கவில்லை. மத்தியில் ஒரு ஆட்சி போய் இன்னொன்று வந்தது, மாநிலத்தில் முதல்வர்கள் மாறினார்கள், தூண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

நிறுத்தச் சொன்ன காரணம் பொய்யானது அல்ல. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஆற்றுக்குள் எதையும் நடுவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும் என்பது இந்த ஊருக்கே புரிந்தது. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். ஆறு தடைபடும் என்று சாலை நின்றது. தடுக்கும் என்று சொல்லப்பட்ட தூண்கள் ஆற்றிலேயே நின்றன. சாலையும் கிடைக்கவில்லை, ஆறும் திரும்பக் கிடைக்கவில்லை.

*

எங்கள் வீட்டில் இந்தச் சாலை ஒரு இலக்கண வடிவமாகத்தான் நுழைந்தது. 'ரோடு வந்துட்டா.' அப்பா தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கன்டெய்னர்களுக்கான காகித வேலை. துறைமுகத்தின் சிக்கல் அவருக்கு அத்துப்படி. சரக்கு கப்பலில் வந்து இறங்கிவிடும், இறங்கிய சரக்கு ஊரைத் தாண்டிப் போவதுதான் பாடு. பகலில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு. இரவில் வரிசை. வடக்கே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே தூங்கி எழுவார்கள். "ரோடு வந்துட்டா ஹார்பர்ல ஏத்துன பெட்டி அரை மணி நேரத்துல ஊருக்கு வெளிய நிக்கும்" என்பார் அப்பா. சொல்லும்போது அந்தச் சாலையைத் தானே போடப்போகிறவர் மாதிரி ஒரு முகம்.

அந்த முகத்தோடுதான் மதுரவாயலுக்கு மேற்கே ஒரு மனை வாங்கினார். புரோக்கர் காட்டிய வரைபடத்தில் பறக்கும் சாலை ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டு, சிவப்புக் கோடாக, மனையின் வாசலில் வந்து இறங்கியிருந்தது. வரைபடத்தில் 'உத்தேசம்' என்று போட்டிருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. போட்டிருந்தாலும் அந்தச் சொல்லுக்கு யாரும் விலையில் தள்ளுபடி தரப்போவதில்லை. வராத சாலைக்கான விலையை அப்பா முன்பணமாகவே கொடுத்தார்.

பிறகு நடந்ததில் அவருக்குப் புரிபடாத வேகம் ஒன்று இருந்தது. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. எண்ணூர் துறைமுகம் வளர்ந்தது. 2013-ல் காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. சரக்குக்குப் பொறுமை கிடையாது, வழி கிடைக்கும் பக்கம் அது போய்விடும். அப்பாவின் அலுவலகத்து வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்தது. மேற்கே மனை, வடக்கே வேலை, நடுவில் தூண்கள். 'ரோடு வந்துட்டா அங்க வீடு கட்டலாம்' என்பது 'ரோடு வந்துட்டா வித்துடலாம்' என்றாகி, ஒருநாள் அந்த வாக்கியமே வீட்டில் கேட்காமல் போனது.

முடியாத திட்டம் என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. அதை நம்பி ஒருவர் கடன் வாங்குகிறார், ஒருவர் கடை வைக்கிறார், இன்னொருவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது 'ஏரியா டெவலப் ஆகுது' என்கிறார். துறைமுகம் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறது, அரசு அடுத்த திட்டத்துக்குப் போகிறது. நம்பியவர் மட்டும் பழைய வரைபடத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்.

*

இருந்தாலும் அப்பாவின் நஷ்டம் சிறியது. அவரிடம் ஒரு பத்திரம் இருந்தது. மனை இன்றும் அங்கேதான் இருக்கிறது, முள்ளும் புல்லுமாக.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு வீடு ஆற்றங்கரையில். ஓடும் தகரமும் கலந்த வீடு. அவள் அம்மா எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். காலையில் நடந்தே வருவார், பதினோரு மணிக்கு நடந்தே போவார். சாலைக்காகக் கூவம் கரையில் பல குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது அவர்களுடையதும் போனது. கணக்கெடுத்தார்கள், சுவரில் எண் எழுதினார்கள், ஒருநாள் லாரி வந்தது. கண்ணகி நகருக்குப் போனார்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கல்வியாண்டின் நடுவில். வகுப்பில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கொஞ்ச நாள் டீச்சர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பிறகு தாண்டிப் போனார்.

அவள் அம்மா மட்டும் சில மாதங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். "இன்னாக்கா பண்றது, ரெண்டு பஸ்ஸு மாறணும். காலைல அஞ்சு மணிக்கு கெளம்புனாத்தான் உண்டு. புள்ளைங்களுக்கு சோறு வச்சிட்டு வர முடியல" என்று அம்மாவிடம் சொன்னது காதில் இருக்கிறது. பஸ் செலவு போக மிஞ்சிய கூலி குறைந்துகொண்டே வந்தது. ஒரு பொங்கலுக்குப் பிறகு வரவில்லை.

அவர்கள் போய் இரண்டு வருடம் ஆவதற்குள் சாலை வேலை நின்றது. செய்தி வந்த அன்று நான் ஒன்றை எதிர்பார்த்தேன். ரோடு இல்லை என்றாகிவிட்டதே, அப்படியானால் திரும்பி வந்துவிடலாம்தானே? சிறுபிள்ளைத்தனமான கேள்விதான். ஆனால் அதற்குச் சரியான பதில் இன்றும் என்னிடம் இல்லை. ஒரு வேலை நிறுத்தப்பட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதானே இயல்பான நியாயம்? டெய்லரிடம் துணி கொடுக்கிறோம், அவர் தைக்க முடியாது என்கிறார், துணியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். இங்கே துணி வெட்டியாகிவிட்டது.

சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, எடுத்த நிலம் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை முன்னாள் உரிமையாளருக்கோ அவர் வாரிசுக்கோ, இல்லையென்றால் அரசின் நில வங்கிக்கோ திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்த 'இல்லையென்றால்' என்ற இடத்தில் எத்தனை பேருடைய நிலம் வழுக்கி விழும் என்பது ஒருபுறம். முதலில் நீங்கள் 'உரிமையாளர்' ஆக இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் முப்பது வருடம் வாழ்ந்து, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருந்து, பட்டா மட்டும் இல்லாதவர் இந்தப் பிரிவுக்குள் வரவே மாட்டார். அவரிடமிருந்து எடுத்தது நிலமாகவே கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாததை யார் திருப்பித் தருவது?

*

இதே ஊரில் இன்னொரு நின்றுபோன வேலையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-ல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர். அது முடிந்தால் தாம்பரம் தடத்தோடு இணைந்துவிடும். வேலையும் நடந்தது. கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர் கட்டி முடித்தார்கள். ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டுத் தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த அரை கிலோமீட்டர் பத்து ஆண்டுகளுக்கு மேல் வானத்தில் வெறும் இடைவெளியாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தேன். வேலை தாம்பரம் பக்கம். வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்னார்: "அடுத்த வருசம் ட்ரெய்ன் விட்ருவாங்க தம்பி, அப்புறம் உங்களுக்கு பதினஞ்சு நிமிசம். அதுக்கேத்த வாடகைதான் சொல்லியிருக்கேன்." நான் அங்கே மூன்று வருடம் இருந்தேன். மூன்று வருடமும் அந்த ரயிலுக்கு வாடகை கட்டினேன், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

பாலத்தின் கணக்கு வேறு கணக்கு. பத்து வகுப்பறை கட்ட நினைத்து ஆறு கட்டினால் ஆறு வகுப்பறையில் பாடம் நடக்கும். நூறு மரம் வைக்க நினைத்து நாற்பது வைத்தால் நாற்பது நிழல். ஐந்து கிலோமீட்டர் பாலத்தில் நாலரை கட்டினால் கிடைப்பது நாலரை அல்ல, பூஜ்யம். கடைசிக் கல் வைக்கும்வரை அது யாருக்கும் எதுவும் தராது. ஆனால் எடுப்பதை எல்லாம் அது முதல் கல் வைக்கும் முன்பே எடுத்துக்கொண்டுவிடும். நிலம், வீடு, மரம், ஆற்றின் அகலம் எல்லாம் முதல் நாளிலேயே போய்விடும். பலன் வருவதென்னவோ கடைசி நாளில்தான். எனவே நடுவில் எந்த நாளில் நிறுத்தினாலும் மிஞ்சுவது எடுத்தது மட்டும்தான். 'அரைகுறை' என்ற சொல் இங்கே பொருந்தாது. அரை என்பது எதுவும் இல்லை, எல்லாமே குறை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆதம்பாக்கத்தில் நிலத்துக்கு நியாயமான விலை கேட்டவர்கள் தங்கள் உரிமையைக் கேட்டார்கள். அதில் தப்பே இல்லை. பட்டா இருந்ததால் அவர்களால் நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது, ஒரு ரயிலையே அரை கிலோமீட்டரில் நிறுத்தி வைக்க முடிந்தது. கூவம் கரையில் இருந்தவர்களால் வீட்டுச் சாமான் ஏற்ற வந்த லாரியை ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியவில்லை. திட்டங்கள் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை மண்ணின் தன்மையோ பொறியாளரோ மட்டும் தீர்மானிப்பதில்லை.

*

மானுடவியலாளர் அகில் குப்தா, பெங்களூரின் பாதியில் நின்ற கட்டுமானங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையை ஒரு தற்காலிக இடைவேளையாகப் பார்க்காதீர்கள், அதுவே ஒரு தனி நிலை என்பது அவர் வாதம். நான் வளர்ந்த தெருவுக்கு இது நூறு சதவீதம் பொருந்தும். நான் பள்ளிப் பையனாக இருந்தபோது நின்ற வேலை, நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் வயதிலும் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தூண்கள் ஆற்றின் இயல்பான பகுதி, பாறை மாதிரி. கிரிக்கெட் பந்து தூணில் பட்டால் நாலு ரன்.

தொங்கும் நிலைக்கு அரசியலிலும் ஓர் உபயோகம் உண்டு. சேதுசமுத்திரக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1860-ல் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி முன்வைத்த யோசனை. 2005 ஜூலையில் மதுரையில் தொடக்க விழா கண்டது. 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. நம்பிக்கை, சூழலியல், பொருளாதாரம் என்று அந்த வாதங்கள் தனி உலகம், இங்கே அதற்குள் போகவில்லை. நான் பார்ப்பது வேறு. 2023 ஜனவரியில்கூட அதை நிறைவேற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. முடிந்த திட்டத்துக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, கைவிட்ட திட்டத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உண்டு. தொங்கும் திட்டத்துக்கு இரண்டும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் அதை வாக்குறுதியாகத் தரலாம். கடலுக்குள் தோண்டிய இடத்தை மணல் தன்பாட்டுக்கு மூடிக்கொண்டிருக்கும்.

*

அப்படியென்றால் எதையும் தொடங்கவே கூடாதா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒருமுறை மாமல்லபுரத்தில் நின்றிருக்கிறேன். அங்கே முடியாத வேலைகள் ஏராளம். கூட்டம் போகாத பக்கத்தில் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன. மேலே சிகரம் தெளிவாக வந்திருக்கும், கீழே வரவர உளித்தடம் முரடாகி, அடியில் வெறும் பாறை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். நடுவில் எந்த நாளில் உளியைக் கீழே வைத்திருந்தாலும் அதுவரை செய்தது முழுமையாக இருந்திருக்கும். ஆயிரத்து முந்நூறு வருடம் கழித்து அந்த அரைகுறைகள்தாம் அந்தச் சிற்பிகள் எப்படி வேலை செய்தார்கள் என்று நமக்குச் சொல்லித்தருகின்றன.

பாலத்தைப் பாறைபோலக் குடைய முடியாது, தெரியும். ஆனால் அந்த ஒழுங்கு நமக்கு அந்நியமானதும் அல்ல. மெட்ரோ ரயிலில் 2015 ஜூனில் முதலில் திறந்தது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மட்டும். மற்ற தடங்கள் அப்போது முடியவில்லை, தாமதமும் இருந்தது. ஆனாலும் அரும்பாக்கத்தில் ஏறி ஆலந்தூரில் இறங்கியவருக்கு அன்றைக்கே ஒரு பயன் கிடைத்தது. ஒருவேளை மற்ற வேலைகள் நின்றுபோயிருந்தாலும் அந்தத் துண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும். துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் தன்னளவில் பயன் தருவதாக எங்கே முடியுமோ அங்கே அப்படிக் கட்டலாம். முடியாத இடத்தில், எடுப்பதைத் தள்ளிப்போடலாம். வழக்கு தீர்ந்து, வரைபடம் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஆற்றுக்குள் தூண் வைக்கலாமா கூடாதா என்பது முடிவான பிறகு ஒரு குடும்பத்தை எழுப்பினால் என்ன? 2012-ல் கேட்ட கேள்வியை 2009-ல் கேட்டிருந்தால், பதில் எதுவாக இருந்திருந்தாலும், ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த வருடத்தை முடித்திருக்கும்.

'வீட்டைக் கட்டிப் பார்' என்பார்கள் நம் ஊரில். கட்டுவதன் பாடு எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அரசு கட்டுவதில் தாமதம் வந்தால் நாம் சலித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது. ஆனால் வீடு கட்டுகிறவர் அடுத்தவர் வீட்டை இடித்துவிட்டுப் பணம் தீர்ந்துபோச்சு என்று சொல்வதில்லை.

2022 மே மாதம் அதே பாதைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இந்த முறை இரண்டு அடுக்கு. கீழ்த்தளம் கோயம்பேட்டிலிருந்து நேப்பியர் பாலம் வரை நகரத்து வண்டிகளுக்கு, மேல்தளம் துறைமுகத்து லாரிகளுக்கு. முன்பு இரண்டாயிரம் கோடியைத் தொடாத மதிப்பீடு இப்போது ஐந்தாயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. அப்பா செய்தித்தாளில் வந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய சிவப்புக் கோடுதான். "பெட்டியெல்லாம் காட்டுப்பள்ளிக்குப் போயாச்சேடா" என்றார். மனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை அது முடிய வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். முடிந்தால் நல்லதுதான், லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் தூங்க வேண்டியிருக்காது. ஆனால் திறப்பு விழா அன்று கணக்கு நேராகிவிட்டது என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது. போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் என் வகுப்புத் தோழியைப் பார்த்தேன். இப்போதும் கண்ணகி நகரில்தான், ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீனில் வேலை. பழைய தெரு, டீச்சர் என்று பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏன் பாட்டி வீடு அங்க இல்லனு என் பொண்ணு கேட்டா. ரோடு போட்டாங்க, அதான்னேன். எந்த ரோடு, காட்டுன்றா."